கேரியர் இல்லாத சைக்கிள்

திருச்சி விமான நிலையத்தைத் தாண்டியபின் புதுக்கோட்டைச் சாலையில் நகரம் மெல்லக் குறைந்துகொண்டே வருகிறது. மாத்தூர் வரை தொழிற்கூடங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வேன்கள். அதற்கப்புறம் தைலமரக் காடு, செம்மண் பொட்டல், தண்ணீர் பாதி வற்றிய கண்மாய். தை மாதக் கடைசியில் விடிகாலை ஐந்தரை மணிக்கு இந்தச் சாலையில் சைக்கிள் மிதிப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். வெயில் ஏறுவதற்குள் முப்பது கிலோமீட்டர் கடந்துவிடலாம். லாரிகளும் அந்த நேரத்தில் ஒதுங்கித்தான் போகின்றன.

புதுக்கோட்டை மாவட்டத்தைக் குறுக்கே கடந்து, கீழ்க்கடற்கரையைத் தொட்டுத் திரும்புவது திட்டம். வேகமாகப் போனால் சீக்கிரம் முடித்துவிடலாம். எனக்கு அவசரம் இல்லை. என் தோழியின் சின்னம்மா அன்னவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறார். அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது சைக்கிள் கற்றுக்கொண்ட பெண்களில் ஒருவர். அவரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று வெகுநாள் ஆசை. இன்னொரு காரணம் என் முதுகு. மாதக்கணக்கில் பயிற்சி செய்து தேற்றியிருக்கும் முதுகு, நாள் முழுக்க ஓட்டினால் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு சீக்கிரமே உடம்புக்கு வந்துவிடும். உள்ளங்கை மரத்துப்போவது, கழுத்து பிடிப்பது, முட்டி வலி எல்லாவற்றையும் தாராளமாகச் சொல்வார்கள். முதுகு வலியை மட்டும் கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அதைச் சொன்னால் ‘இனி சைக்கிள் வேண்டாம்’ என்று யாராவது முடித்துவிடுவார்கள் என்ற பயம்.

எனக்கு அது வந்தது 300 கிலோமீட்டர் பிரெவே ஒன்றில். பிரெவே பந்தயம் இல்லை. பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப் வகுத்த விதிகளின்படி உலகம் முழுக்க நடக்கும் நெடுந்தூர ஓட்டம். 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்திலும், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற பேதம் கிடையாது. அந்த ஓட்டத்தில் இருநூறு தாண்டியபோது, பாவாடை நாடா இறுகும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு பிடிப்பு வந்தது. ஓட்டத்தை முடித்தேன். மறுநாள் குனிந்து வாசல் கூட்ட முடியவில்லை.

பிசியோதெரபிஸ்ட் ஒரு பெண். என்னைக் குனியச் சொன்னார், ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கச் சொன்னார். கடைசியில், “முதுகு பாவம். இடுப்பும் தொடையும் பார்க்க வேண்டிய வேலையை அது பார்த்துக்கொண்டிருக்கிறது” என்றார். அவர் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன். பகலெல்லாம் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் தொடையின் பின்தசை இறுகிப்போகிறது. பிட்டத் தசை தூங்கிப்போகிறது. சைக்கிளில் முன்னால் சாயும்போது இடுப்பு மடங்க வேண்டும். பின்தசை இழுத்துப் பிடிப்பதால் இடுப்பு மடங்காமல் நிற்க, அந்தக் குறையை ஈடுகட்டக் கீழ்முதுகு வளைகிறது. வளைந்தபடியே மணிக்கணக்கில் பாரம் தாங்குகிறது.

உடம்பின் பங்கு அது. சைக்கிளின் பங்கும் உண்டு. சீட்டு அளவுக்கு மீறி உயரமாக இருந்தால், கீழே இறங்கும் பெடலை எட்ட இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,800 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பக்கமும் இடுப்பு ஆடினால் முதுகு என்னவாகும்? அளவு பார்ப்பது எளிது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்தால் முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். பின்னால் நின்று பார்த்துச் சொல்ல ஒருவர் போதும்.

என் சைக்கிளில் சீட்டைவிட முன்பக்கம்தான் தொல்லை. என் உயரத்துக்குக் கிடைத்த மிகச் சிறிய ஃப்ரேமிலும் ஹேண்டில்பார் தூரத்தில் இருந்தது. கையை நீட்டிப் பிடிக்க முதுகும் கூடவே நீள வேண்டியிருந்தது. ஹேண்டில்பாரைத் தாங்கி நிற்கும் ஸ்டெம் 100 மில்லிமீட்டர் நீளம். அதைக் கழற்றிவிட்டு 70 மில்லிமீட்டர் ஸ்டெம் போட்டேன். 28 மில்லிமீட்டர் டயருக்குப் பதில் 35 மாட்டிக் காற்றை 55 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். வேகத்தடையில் சக்கரம் ஏறி இறங்கும் அதிர்ச்சியில் பாதியை டயரே வாங்கிக்கொள்கிறது. இந்த இரண்டு மாற்றங்களும் எனக்கு மாத்திரையைவிட அதிகம் உதவின.

பிசியோதெரபிஸ்ட் ஒரு விதியும் சொல்லியிருந்தார். வலி முதுகோடு நின்றால் இறங்கி, நிமிர்ந்து, நடந்து, மறுபடி ஓட்டலாம். முட்டிக்குக் கீழே இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ, அன்றைக்கு ஓட்டம் முடிந்தது, அடுத்தது மருத்துவர். இதில் பேரமே கிடையாது. சைக்கிள் ஓட்டும் எல்லோருக்கும் இதை நான் சொல்லிவருகிறேன்.

கீரனூரில் டீக்கடைக்கு எதிரே பாலக்கட்டையில் குதிகாலை ஏற்றி வைத்துப் பின்தசையை நீட்டிக்கொண்டிருந்தேன். கடைக்காரர், “யோகாவாம்மா?” என்றார்.

“முதுகு வலிண்ணே.”

“முதுகு வலிய வச்சுக்கிட்டா சைக்கிள்ல வந்திய?”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கொத்தனார் ஒருவர் எனக்காகப் பதில் சொன்னார். “ஓட்டுறத விட்டா இன்னும் புடிச்சுக்கும்ணே. நான் லீவு போட்ட மறுநாத்தான் எனக்கு முதுகே தூக்க முடியாது.” பிசியோதெரபிஸ்டும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருந்தார்.

நார்த்தாமலைப் பிரிவில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினேன். பாறைக் குன்றுகளின் ஊர் அது. மேலே விஜயாலய சோழீச்சரம் மேற்குப் பார்த்து நிற்கிறது, ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். சைக்கிள் செருப்போடு பாறையில் ஏற முடியாது என்பதால் கீழிருந்தே கும்பிட்டுவிட்டு, வழி கேட்டுக் கேட்டு அன்னவாசல் பக்கம் போனேன். சித்தன்னவாசலில் மட்டும் நின்றேன். அறிவர் கோயிலின் விதானத்தில் இருக்கும் தாமரைக் குளத்து ஓவியத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். நான் ஏழடிப்பட்டத்துக்கு ஏறினேன். சமண முனிவர்கள் படுத்திருந்த கற்படுக்கைகள் அங்கே இருக்கின்றன. தலைப்பக்கம் தலையணைபோல மேடு விட்டு வழவழப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு படுக்கையில் தமிழி எழுத்து, கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தது. படுக்கைகள் மட்டமாக இருக்கின்றன, துளி வளைவு இல்லை. உடம்பைத் துறந்தவர்கள்கூடத் தலைக்கு அந்தச் சிறு மேட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. முதுகு வலியோடு அங்கே போகிறவர்கள் அந்தக் கல்லை விட்டு அவ்வளவு சீக்கிரம் நகர மாட்டார்கள்.

அங்கிருந்து குடுமியான்மலை பக்கம்தான். இசைக் கல்வெட்டுக்காகப் பேர்பெற்ற ஊர். எனக்கு அந்த ஊர் வேறொரு காரணத்துக்காக முக்கியம். 1990களின் தொடக்கத்தில் அங்கே கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்.

அந்தக் கதையைத் தமிழ் வாசகர்களில் பலர் மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்க்கலாம் என்ற எண்ணம் அவருடையது. சாயங்காலம் வகுப்புக்கு வரவேண்டிய பெண்களுக்கும், ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பெண் தொண்டர்களுக்கும் முதல் தடையே தூரம்தான். எழுத்து சொல்லிக்கொடுத்தவர்களே பொட்டலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். சைக்கிள் வாங்க வங்கிகளைக் கடன் கொடுக்க வைத்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்கம்பி இருந்தது வசதியாகவும் போயிற்று; அதில் பிள்ளையை உட்காரவைக்கலாம். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி 1996இல் வெளிவந்த தம் நூலில் சேர்த்தார். அந்தக் கட்டுரை எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பல ஆண்டுகள் பாடமாக இருந்தது. வட இந்தியப் பிள்ளைகள் படித்துத் தெரிந்துகொண்ட புதுக்கோட்டைப் பெண்களை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சின்னம்மாவின் வீட்டு வாசலில் நான் இறங்கியதும் அவர் பார்த்தது என்னை அல்ல, சைக்கிளைத்தான். சுற்றி வந்தார். டயரை விரலால் அழுத்தினார். பிரேக் பிடித்தார். அறுபத்தைந்து வயதுக்குக் கை உறுதியாக இருந்தது.

“என்ன வெல தாயி?”

“நாப்பத்திரண்டாயிரம் சின்னம்மா.”

“ஒரு கறவ மாடு வாங்கலாமே!” கொஞ்சம் யோசித்தார். “மாடு பாலு குடுக்கும். இது என்ன குடுக்குது?”

“ஞாயித்துக்கிழமை குடுக்குது சின்னம்மா.”

அவர் சிரிக்கவில்லை. சரியான பதில் கிடைத்த மாதிரி தலையாட்டினார். “எனக்கு அது ரெண்டு மணி நேரம் குடுத்துச்சு” என்றார்.

பிறகு அந்த இரண்டு மணி நேரத்தின் கணக்கைச் சொன்னார். குவாரிக்கு நடந்து போகக் காலையில் ஒரு மணி, திரும்ப ஒரு மணி. பஸ் உண்டு, ஆனால் அது வரும் நேரத்துக்கு வேலை முடியாது. டிக்கெட்டுக்குக் கூலியில் ஒரு பங்கு போகும். சைக்கிள் வந்தபின் இருட்டுமுன் வீட்டில் இருந்தார். அடுப்புப் பற்றவைத்துவிட்டு வகுப்புக்குப் போக நேரம் கிடைத்தது. குழாயடி தூரம் என்பதால் பின்னால் கேரியரில் ஒரு குடம், ஹேண்டில்பாரில் ஒரு குடம். சந்தை நாளில் காய்கறி மூட்டை. முன்கம்பியில் மகன், அவனுக்குத் துண்டைச் சுற்றி மெத்தென்று இருக்கை செய்துவைத்திருந்தார்.

“வீட்ல ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லாம இருப்பாகளா? பொம்பள கால அகட்டிக்கிட்டுப் போறான்னு மாமியா பேசுச்சு. பையனோட அப்பா ஒரு வாரம் மொகங்குடுத்துப் பேசல. பொறகு ஒரு நா அவுகளுக்குக் காச்ச. நாந்தான் பின்னாடி ஒக்கார வச்சு அன்னவாசல் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன். அதோட பேச்சு அடங்கிருச்சு.”

வங்கிக் கடனைத் தவணை தவறாமல் கட்டி முடித்ததையும் பெருமையாகச் சொன்னார். கட்டி முடித்த அன்று வாங்கிய ரசீது பெட்டியில் இருக்கிறதாம். அவருடைய சைக்கிள் ஹெர்குலிஸ், 22 அங்குல ஃப்ரேம். 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்தது. பார்க்கக் கேட்டேன். ஃப்ரேம் மட்டும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்தது. சக்கரங்களை மகன் தள்ளுவண்டிக்கு எடுத்துப் போட்டுவிட்டானாம். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் ஏதுமில்லை. இப்போது அவர் போவது டவுன் பஸ்ஸில். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மருமகள் ஸ்கூட்டி வைத்திருக்கிறாள். சைக்கிளில் தொடங்கியவர்கள் ஸ்கூட்டிக்கும் இலவசப் பேருந்துக்கும் போனதை ஒரு வீழ்ச்சியாக நான் பார்க்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது போக்குவரத்து, அது கிடைத்திருக்கிறது. ஆனால் சின்னம்மாவே ஒன்று சொன்னார். பஸ்ஸுக்குக் காசு இல்லை, அதற்கு நேரம் உண்டு. சைக்கிளுக்கு நாம் வைத்ததுதான் நேரம்.

கிளம்பும்போது மறுபடி என் சைக்கிளைப் பார்த்தார். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல கொடத்த எங்க வைக்கிறது? கேரியர் இல்லாம ஒரு சைக்கிளா?”

புதுக்கோட்டையில் அன்றிரவு தங்கிய விடுதியில் தரையில் படுத்துக் காலைச் சுவரில் ஏற்றிவைத்தபடி வீட்டுக்குப் பேசினேன். கணவர் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மாமியார் போனை வாங்கி, “மணமேல்குடி போறியாமே, நல்ல கருவாடு கிடைக்கும். நெத்திலியும் வாளையும் வாங்கிட்டு வா” என்றார். இரண்டு கிலோவாவது வேண்டுமாம்.

சைக்கிள் ஆர்வம் உள்ளவர்களின் வீட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வண்டியைப் பற்றி எழுதுவார்கள், மலைப்பாதையைப் பற்றி எழுதுவார்கள். ஞாயிறு காலை நாலரைக்கு ஒருவர் வீட்டை விட்டுக் கிளம்பினால் அந்த வீட்டில் பால் காய்ச்சுவது யார், தண்ணீர் மோட்டார் போடுவது யார் என்பது எழுதப்படுவதில்லை. ஆண்கள் ஓட்டும் வீடுகளில் அந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது. எங்கள் வீட்டில் எழுந்தது, பேசித் தீர்த்துக்கொண்டோம். ஞாயிறு பத்து மணி வரை சமையலும் மாமியாரின் மாத்திரையும் கணவர் பொறுப்பு. சனிக்கிழமை முழுக்க என் பொறுப்பு, அன்றைக்கு அவர் நண்பர்களோடு ஷட்டில் ஆடப் போவார். மகளுக்குத் தேர்வு வரும் மாதத்தில் நெடுந்தூரம் கிடையாது. இந்த ஏற்பாடு சண்டை போட்டு வந்ததுதான். அதனாலேயே அதில் யாரும் யாருக்கும் தயவு செய்யவில்லை.

இடமும் ஒரு பிரச்சினை. வாடகை வீடு, இரண்டாவது மாடி. படிக்கட்டுக்கு அடியில் சைக்கிள் வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு கிலோ சைக்கிளைத் தூக்கிக்கொண்டு திருப்பத்தில் திரும்பும்போது முதுகு முறுக்கிக்கொள்கிறதே, அதுதான் நாள் முழுக்க மிதிப்பதைவிட ஆபத்து. இப்போது தோளில் மாட்டி, முட்டியை மடக்கி எழுந்து, திருப்பத்தில் நின்று, உடம்போடு சேர்த்துத் திரும்புகிறேன். ஹால் சுவரில் கொக்கி அடித்து மாட்டியிருக்கிறோம். கீழே மகளின் படிப்பு மேசை.

பணத்துக்கு வருகிறேன். கொரோனா ஊரடங்கு முடிந்த சமயம், சீட்டு எடுத்த பணத்தில் இந்தச் சைக்கிளை வாங்கினேன். அன்றைய விலைக்கு அதே பணத்தில் ஒரு பவுன் வந்திருக்கும். மாமியார் அதைச் சொன்னார். பவுன் இன்று அதைப்போல் இரு மடங்குக்கு மேல் விற்கிறது, சைக்கிளை விற்கப் போனால் பாதி கிடைத்தால் பெரிது. கணக்காகப் பார்த்தால் அவர் பேச்சில் தப்பில்லை. என் கணக்கில் வேறு வரிகள் உண்டு. அலுவலகம் போய்வர ஒரு நாளைக்குப் பதினான்கு கிலோமீட்டர். ஸ்கூட்டியை எடுக்காததால் மாதம் எழுநூறு ரூபாய்க்குக் குறையாமல் பெட்ரோல் மிச்சம். செலவும் உண்டு: மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு செயின், ஆயிரத்துச் சொச்சம். அதைக் காலத்தில் மாற்றாவிட்டால் தேய்ந்த செயின் பின்பல்லையும் தின்றுவிடும். அது இரண்டு மடங்குச் செலவு. ஒரு ஜோடி டயர், பிரேக் கட்டை, டியூப். பிசியோதெரபிக்குப் போனதையும் இந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும். எல்லாம் கழித்தால் சைக்கிள் எனக்கு லாபம் தரவில்லை, பெரிய நட்டமும் இல்லை. 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். மாணவர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் வாங்கும் பொருளுக்கு அது எப்போதோ நடந்திருக்க வேண்டும்.

மறுநாள் அறந்தாங்கிச் சாலை. ஊர் நெருங்க நெருங்கத் தென்னை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்தது. தப்பி நின்ற மரமும் அதன்பின் நட்ட கன்றும் ஒரே தோப்பில் இருவேறு உயரத்தில் தெரிகின்றன. அறந்தாங்கிக்குக் கொஞ்சம் முன்னால் பின்சக்கரத்தில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். ஸ்போக்ஸ் கம்பி ஒன்று அறுந்துவிட்டது. சக்கரம் கோணி, பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்தது.

கடைத்தெருவில் ஒரு பழைய சைக்கிள் கடை. வேப்பமரத்தில் பழைய டயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். பின்பல்லைக் கழற்றும் சாவி என் பையில் இருந்தது. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். புதுக் கம்பியைக் கோத்து, சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரு சாக்கட்டியை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தார். சாக்கட்டி பட்ட இடத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று முறுக்கினார். மறுபடி சுழற்சி, மறுபடி கால் சுற்று. கோட்டம் எடுப்பது என்பது இதுதான். ஒரே முறுக்கில் நேராக்கப் பார்த்தால் பக்கத்துக் கம்பி அறும் என்றார். எண்பது ரூபாய் கேட்டார்.

“அறிவொளி சமயத்துல நாப்பது வாடகை சைக்கிள் வச்சிருந்தேன். சாயங்காலமானா ஒண்ணுகூடக் கடைல நிக்காது. பொம்பளப் புள்ளைங்க எடுத்துட்டுப் போகும். விழுந்து, ஹேண்டில் கோணிக் கொண்டுவந்து குடுக்கும். அதுக்குத் தனியாக் காசு வாங்கினதில்ல.” சக்கரத்தை மாட்டிவிட்டுப் பின்பக்கத்தைத் தட்டினார். “இங்க மரை இருக்கே. கேரியர் போடலாமே?”

திரும்பும்போது பார்க்கலாம் என்றேன்.

ஆவுடையார்கோயிலில் கல்லில் இழைத்த தாழ்வாரத்தைப் பார்க்க ஒரு நாள் தனியாக வர வேண்டும். அன்று வெளியே இருந்தே கும்பிட்டேன். பள்ளிக்கூட நேரம். சாலை ஓரத்தில் சீருடை அணிந்த மாணவிகள் வரிசையாக அரசு கொடுத்த சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கெனத் தொடங்கிய திட்டம் இது. பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கும் விரிந்தது. ஒரு பெண் என் பக்கத்தில் வந்து, “எத்தன கியருக்கா?” என்றாள். பதினாறு என்றதும், “எனக்கு இது ஒண்ணே போதும்” என்று எழுந்து மிதித்து என்னை முந்தினாள். விட்டுக்கொடுக்காமல் ஒரு கிலோமீட்டர் போட்டி போட்டோம். பிளஸ் டூ முடிந்தபின் இந்தச் சைக்கிள் என்ன ஆகும் என்று கேட்டேன். “தம்பி எடுத்துக்குவான்க்கா. காலேஜுன்னா பஸ்தானே.”

பல கிராமங்களில் பெண்களின் சைக்கிள் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. ஓட்டத் தெரிந்த கால்கள் பதினெட்டு வயதில் இறங்கிவிடுகின்றன. அதற்கப்புறம் நாற்பதில் சர்க்கரை வந்து மருத்துவர் நடக்கச் சொல்லும்வரை உடம்புக்கென்று ஒரு மணி நேரம் வாய்ப்பதில்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மூன்றடி அகலம் தார் போட்டுக்கொடுத்தாலே இவர்களில் பலர் கல்லூரிக்கும் வேலைக்கும் ஓட்டிப் போவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தச் சாலையில் நெடுகவும் வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் சரளைதான். லாரி ஹாரன் அடித்தால் அந்தப் பிள்ளைகள் அதில் இறங்கித் தடுமாறுகிறார்கள்.

மீமிசலில் கிழக்குக் கடற்கரைச் சாலை. வடக்கே திரும்பியதும் வலப்பக்கத்திலிருந்து கொண்டல் காற்று. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் வரை கடல் இருக்கும் திசையை மூக்கு சொல்லிக்கொண்டே வந்தது. எதிர்க்காற்றிலும் பக்கக்காற்றிலும்தான் முதுகுக்குச் சோதனை. வேகம் குறைகிறதே என்று கனமான கியரில் அழுத்தினால் ஒவ்வொரு மிதியையும் கீழ்முதுகு இழுத்துக் கொடுக்கும். கியரை இறக்கி, மிதியை லேசாக்கி, சைக்கிள் கணினியில் தெரியும் வேகத்தைப் பார்க்காமல் போக வேண்டும். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் போனேன். மீன்பெட்டி கட்டிய மொபெட்காரர்கள் ஒவ்வொருவரும் கையசைத்துக் கடந்தார்கள். மணமேல்குடி வந்தபோது இடுப்பில் களைப்பு இருந்தது, வலி இல்லை. பாதங்களில் உணர்ச்சி தெளிவாக இருந்தது. பிசியோதெரபிஸ்டுக்கு அங்கிருந்தே செய்தி அனுப்பினேன். “குளூட் பிரிட்ஜை நிறுத்திவிடாதீர்கள்” என்று பதில் வந்தது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பயிற்சிதான் அது.

கருவாடு விற்ற அம்மாவிடம் நெத்திலி ஒரு கிலோ, வாளை ஒரு கிலோ வாங்கினேன். என் பையில் மழைச்சட்டையும் டியூப்பும் போக இடமில்லை. முதுகில் மாட்டும் பையில் இரண்டு கிலோவை ஏற்றினால், அந்தப் பாரம் நேராகக் கீழ்முதுகில்தான் இறங்கும். அவர் ஓலைப்பெட்டியில் கட்டிக்கொடுத்ததை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு, சக்கரம் ஒரு பக்கம் இழுக்க இழுக்க, அறந்தாங்கிவரை வந்தேன்.

கடைக்காரர் ஓலைப்பெட்டியைப் பார்த்ததும் கேள்வியே கேட்கவில்லை. உள்ளே போய்ப் பழைய பாணி இரும்புக் கேரியர் ஒன்றை எடுத்துவந்தார், எலிப்பொறி மாதிரி ஸ்பிரிங் பிடி வைத்தது. மரைக்குச் சரியான போல்ட் கிடைக்க நான்கு டப்பாவைக் கொட்டினார். கால் இரண்டையும் கொஞ்சம் வளைத்து, பின்பிரேக்கில் இடிக்காமல் ஏற்றி இறக்கி, மட்டம் பார்த்து முடுக்கினார். கூலியோடு நானூற்றைம்பது. எடை ஒரு கிலோ கூடும், ஏற்றத்தில் தெரியும் என்றும் சொன்னார்.

ஓலைப்பெட்டியை வைத்து ஸ்பிரிங்கை விட்டேன். அசையவில்லை. சின்னம்மாவின் மருமகளுக்குப் போன் போட்டு, நாளை போகிற வழியில் அன்னவாசலில் ஒரு மணி நேரம் நிற்பேன், கேரியரைக் காட்ட வேண்டும், கொஞ்சம் நெத்திலியும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். பக்கத்திலிருந்து சின்னம்மாவின் குரல் கேட்டது: “எம்புட்டு குடுத்தா கேளு.”

நானூற்றைம்பது என்று சொன்னேன். பரவாயில்லை, அநியாய விலை இல்லை என்றார்.